பேரும் பாடமும்

சென்ற கோடையில் ஒரு நாள் சாயங்காலம் எதிர் வீட்டுக்காரர் தம் பையனை அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கையில் இரண்டு கடிதங்கள் வைத்திருந்தார். ஒன்று, பேரைச் சொன்னாலே கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காரும்படியான ஒரு பெரிய கல்லூரியிலிருந்து வந்தது. மற்றொன்று, பஸ் கண்டக்டரிடங்கூட இரண்டு தடவை சொல்லி விளங்கவைக்க வேண்டிய ஒரு சின்ன ஊர்க் கல்லூரியிலிருந்து வந்தது. பெரிய கல்லூரியில் பையன் கேட்ட பாடம் கிடைக்கவில்லை. அவன் கேளாத ஏதோ ஒரு பாடத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். சின்னக் கல்லூரியில் அவன் கேட்ட நிலவியல் பாடமே கிடைத்திருந்தது. நம் பெரியவர்கள் பூகர்ப்ப சாஸ்திரம் என்று சொன்னார்களே, அதுதான்.

"நீங்கள் நாலும் படித்தவர். இவனுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள், ஸார்" என்றார் அவர். "பாடம் எதுவாயிருந்தால் என்ன? அந்தக் கல்லூரியின் வாசற்படியை மிதிக்க எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள்! நாளைக்கு நாலு பேர், 'பையன் எங்கே படித்தான்?' என்று கேட்டால் நான் எந்தப் பேரைச் சொல்ல?"

பையன் ஒன்றும் பேசவில்லை. என் திண்ணையிலிருந்த பூந்தொட்டியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கும் உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. அந்தச் சமயத்தில் என் நினைவுக்கு வந்தவன் வேறொரு பையன். ஏறக்குறைய 280 வருஷங்களுக்கு முன்னால், ஒரு சின்னச் சர்வகலாசாலையிலிருந்து ஒரு பெரிய சர்வகலாசாலைக்குக் குதிரை ஏறிப் போனவன். அவன் கதையைத்தான் அன்று அவர்களிடம் சொன்னேன். அதையே இங்கும் சொல்கிறேன்.

அவன் பெயர் ஆடம் ஸ்மித். ஸ்காட்லாந்தில் கடலோரத்தில் கிர்க்கால்டி என்று ஒரு சிறு பட்டணம். அங்கே 1723-ஆம் வருஷம் பிறந்தான். சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்த தகப்பனார், பிள்ளை பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். தாயார் மார்கரெட்டுக்கு அவன் ஒரே பிள்ளை. அவளுடைய தொண்ணூறாவது வயதுவரையில் அம்மாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் வாழ்ந்தார்கள். ஸ்மித் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1737-இல், பதினாலாம் வயதில், அவன் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் சேர்ந்தான். இது என்ன, இவ்வளவு சின்ன வயதிலா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் அதுதான் வழக்கம். கிளாஸ்கோ அப்போது பெரிய நகரமல்ல. சர்வகலாசாலையும் செல்வத்தில் கொழித்த ஸ்தாபனமல்ல. ஆசிரியர்களுக்கு நிலையான சம்பளம் கொஞ்சந்தான். பாடம் கேட்க வரும் மாணவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று நேரில் கொடுக்கும் கட்டணத்தில்தான் மீதிக் குடித்தனம் நடக்கவேண்டும். பாடம் நன்றாக இருந்தால் பெஞ்சு நிறையும். பெஞ்சு நிறைந்தால் அடுப்பு எரியும். அவ்வளவுதான் கணக்கு.

அங்கே நீதி சாஸ்திரப் பேராசிரியராக இருந்தவர் பிரான்ஸிஸ் ஹட்சிஸன். அயர்லாந்திலிருந்து வந்தவர். அந்த நாளில் சர்வகலாசாலைப் பாடம் என்றால் லத்தீனில்தான் நடக்கும். உபாத்தியாயர் ஏட்டைப் பார்த்து வாசிப்பார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஹட்சிஸன் அந்த வழக்கத்தை உடைத்தார். லத்தீனை விட்டுவிட்டு, பிள்ளைகள் வீட்டில் பேசும் இங்கிலீஷிலேயே பேசினார். மேடையில் நின்ற இடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் உலவிக்கொண்டே பேசுவார். மனிதன் ஏன் பிறருக்கு நன்மை செய்கிறான், அரசாங்கம் எதற்காக இருக்கிறது, ஜனங்கள் எப்போது அதை எதிர்க்கலாம் என்றெல்லாம் அவர் எடுத்துச் சொல்லும்போது, பதினாறு வயதுப் பையன்கள் தங்களைப் பெரிய மனிதர்களாக உணர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் செய்த பிரசங்கங்களுக்கு ஊர் ஜனங்களும் வந்தார்களாம். மிக அதிகமான பேருக்கு மிக அதிகமான சுகம் எது தருகிறதோ அதுவே நல்ல செயல் என்ற கருத்தை 1725-இலேயே எழுதி வெளியிட்டவர் அவர்.

ஸ்மித் அவரிடம் மூன்று வருஷம் படித்தான். அரை நூற்றாண்டு கழித்து, கிழவனான பிறகு எழுதிய ஒரு கடிதத்தில்கூட, ஹட்சிஸனை மறக்கவே முடியாது என்று குறிப்பிடுகிறார். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய சம்பளம் வேறென்ன இருக்கிறது?

பையன் கெட்டிக்காரன் என்று பேரெடுத்தான். அதற்குப் பரிசும் வந்தது. ஜான் ஸ்னெல் என்று ஒரு கனவான், கிளாஸ்கோவில் படித்த நல்ல மாணவர்களை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பி மேலே படிக்கவைக்க ஒரு தர்மம் ஏற்படுத்திவிட்டுப் போயிருந்தார். வருஷத்துக்கு 40 பவுன் உபகாரச் சம்பளம். ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியில் வாசம். படித்து முடித்தவர்கள் இங்கிலீஷ் சபைப் பாதிரிமார்களாக ஸ்காட்லாந்துக்குத் திரும்பவேண்டும் என்பது தர்மகர்த்தாவின் எண்ணம். 1740-இல் அந்த உபகாரச் சம்பளம் ஸ்மித்துக்குக் கிடைத்தது.

ஆக்ஸ்போர்டு! அந்தப் பேருக்கு அப்போதே ஐந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மகிமை உண்டு. கோபுரங்கள், புல்வெளிகள், கருப்பு அங்கிகள், மந்திரிகளையும் மகா குருமார்களையும் பெற்றெடுத்த மண்டபங்கள். விதவைத் தாயின் ஒரே பிள்ளைக்கு, சுங்க இலாகாக் குடும்பத்துப் பையனுக்கு, அங்கே இடம் கிடைத்ததென்றால் கிர்க்கால்டியில் எத்தனை பேர் வந்து மார்கரெட் அம்மாளிடம் சந்தோஷம் விசாரித்திருப்பார்கள்! "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

பதினேழு வயதுப் பையன் ஜூன் மாதத்தில் குதிரை ஏறினான். முந்நூறு மைலுக்கு மேற்பட்ட பிரயாணம். எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குள் நுழைந்ததும், வயல்கள் செழித்திருப்பதையும் மாடுகள் கொழுத்திருப்பதையும் கண்டு பிரமித்துப் போனான். ஒரு தேசம் ஏன் பணக்கார தேசமாகிறது, பக்கத்துத் தேசம் ஏன் ஏழையாகிறது என்ற கேள்வி அந்தக் குதிரையின் முதுகிலேயே அவனுக்கு உதித்துவிட்டதோ என்னவோ! பேலியல் கல்லூரியில் முதல் நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஏதோ யோசனையில் ஆழ்ந்திருந்தானாம். பரிமாறியவன், "சாப்பிடு அப்பா, உங்கள் ஸ்காட்லாந்தில் இப்படிப்பட்ட இறைச்சியை நீ கண்டிருக்கமாட்டாய்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. ஸ்மித்தே பிற்காலத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பாராம்.

சாப்பாடு உயர்த்திதான். பாடம்?

சேர்ந்த சில வாரங்களில் தன் கார்டியனுக்கு அவன் எழுதிய கடிதம் இருக்கிறது. 1740 ஆகஸ்டு மாதத்துக் கடிதம். கட்டணங்கள் அநியாயமாக இருக்கின்றன என்று முறையிடுகிறான். பிறகு, ஆக்ஸ்போர்டில் அளவுக்கு மீறிப் படித்து யாராவது உடம்பைக் கெடுத்துக்கொண்டால் அது அவனவன் குற்றமே என்கிறான். இங்கே தினம் இரண்டு வேளை பிரார்த்தனைக்குப் போவதும், வாரத்துக்கு இரண்டு பாடம் கேட்பதுந்தான் வேலை என்பது அவன் கொடுக்கும் காரணம். பதினேழு வயதுக் குறும்பு அந்த வரிகளில் தெரிகிறது. ஏமாற்றமும் தெரிகிறது.

ஏன் இப்படி? அங்கே இருந்தவர்கள் எல்லாரும் மூடர்களா? அல்ல. விஷயம் வேறு. ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளுக்கு நிலங்களும் மானியங்களும் ஏராளம். அவற்றிலிருந்து வரும் வருமானம், மாணவன் வந்தாலும் வராவிட்டாலும், பாடம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், கல்லூரியின் அங்கத்தினர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கல்யாணம் செய்துகொள்ளாமல் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையைச் சரியாகக் காப்பாற்றிக்கொண்டு, நல்ல திராட்சை ரசம் அருந்திக்கொண்டு, ஆயுள் முழுவதும் காலம் தள்ளலாம். நம்மூரில் மானிய நிலம் பெற்ற மடத்தில் ஓதுவார் ஓதாமலேயே பிரசாதம் வாங்கிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு.

ஒரு நாள் கல்லூரி அதிகாரிகள் ஸ்மித்தின் அறைக்குள் நுழைந்தபோது, அவன் டேவிட் ஹியூம் எழுதிய மனித இயல்பைப் பற்றிய தத்துவ நூலைப் படித்துக்கொண்டிருந்தானாம். நாஸ்திகப் புஸ்தகம் என்று அதைப் பறிமுதல் செய்து, கண்டித்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வதுண்டு. பாடம் நடத்தத்தான் சோம்பல். பாடம் படிப்பவனைப் பிடிக்கச் சோம்பல் இல்லை. ஸ்காட்லாந்துப் பையன்களை அங்கே யாரும் மதிக்கவுமில்லை. ஸ்மித் இருந்த காலத்திலேயே, 1744-இல், ஸ்னெல் உபகாரச் சம்பளக்காரர்கள் தங்களை நடத்தும் விதத்தைப் பற்றிக் கிளாஸ்கோவுக்குப் புகார் எழுதினார்கள்.

பையனுக்கு உடம்பும் சரியாக இல்லை. தாயாருக்கு எழுதிய கடிதங்களில், தலை நடுங்குகிறது என்றும், அந்த நாளில் சர்வரோக நிவாரணியாகப் புகழப்பட்ட தார்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்ததாகவும் எழுதுகிறான். 1743 நவம்பரில், மூன்று மாதமாகச் சோம்பல் பிடித்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று எழுதினான். அதைச் சோம்பல் என்று அவன் சொல்லிக்கொள்கிறான். தாயார் வாசித்தபோது அவளுக்கு வேறு ஏதாவது தோன்றியிருக்கும். ஆறு வருஷம் அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அப்படியானால் ஏன் அங்கேயே கிடந்தான்? பெரிய பேரை உதறிவிட்டு வருவது அவ்வளவு சுலபமா? 40 பவுன் பெரிய தொகை. திரும்பி வந்தால், "ஆக்ஸ்போர்டில் தாக்குப்பிடிக்க முடியவில்லை போலிருக்கிறது" என்று ஊர் சொல்லும். நல்ல இடம் என்று எல்லாரும் சொல்லும்போது, "எனக்கு இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை" என்று சொல்பவன்மேல்தான் சந்தேகம் விழும். இந்தச் சங்கடம் அன்றைக்கு மட்டும் உள்ளதல்ல.

அவன் வேறொரு காரியம் செய்தான். யாரும் கற்பிக்காததால் தானே கற்றான். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியன் இலக்கியங்களை ஆறு வருஷம் உட்கார்ந்து படித்தான். பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத் தன் இங்கிலீஷ் நடையைச் செப்பனிட்டுக்கொண்டான். கடைசியில், பாதிரியாராகும் எண்ணத்தைக் கைவிட்டு, 1746 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டை விட்டுக் கிளம்பினான். உபகாரச் சம்பளம் இன்னும் சில வருஷங்கள் பாக்கி இருந்தது.

அம்மாவிடம் இரண்டு வருஷம் சும்மா இருந்தான். உத்தியோகமில்லை. பெரிய பேர் என்ன ஆயிற்று? இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். நேர்மையாகச் சொல்லவேண்டுமென்றால் இதையும் சொல்லியாகவேண்டும். 1748-இல் எடின்பரோவில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து, இலக்கியத்தைப் பற்றிப் பகிரங்கப் பிரசங்கங்கள் செய்ய ஸ்மித்தை அழைத்தார்கள். எடின்பரோக் கனவான்களுக்கு அப்போது தங்கள் ஸ்காட்லாந்து உச்சரிப்பை மாற்றிக்கொண்டு லண்டன்காரர்களைப் போலப் பேசவேண்டும் என்று ஆசை. ஆறு வருஷம் ஆக்ஸ்போர்டில் இருந்து வந்த ஸ்மித்தின் பேச்சில் அந்த வாடை இருந்தது. அவரைத் தேடி ஜனங்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, பேர் சுத்தமாகப் பயனற்றுப் போகவில்லை. கதவைத் திறந்துவிட்டது. ஆனால் திறந்த கதவுக்குள் நுழைந்தபின் அவர் பேசியது ஆக்ஸ்போர்டு போதித்ததை அல்ல. ஹட்சிஸன் போதித்ததையும் தாமாகக் கற்றதையுந்தான். அந்தப் பிரசங்கங்களில் வருஷத்துக்கு 100 பவுனுக்கு மேல் அவருக்குக் கிடைத்தது. ஆக்ஸ்போர்டில் மாணவனாகச் சும்மா இருக்க 40. எடின்பரோவில் ஆசிரியராக உழைக்க 100!

1751-இல் கிளாஸ்கோ அவரைத் தர்க்க சாஸ்திரப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அடுத்த வருஷமே ஹட்சிஸன் இருந்த நீதி சாஸ்திர நாற்காலிக்கு மாறினார். அதில் இருந்தவரையில் அவரும் மாணவர் கொடுக்கும் கட்டணத்தில்தான் வாழ்ந்தார். 1759-இல் அவருடைய முதல் நூல் வெளிவந்ததும் பேர் பரவியது. ஜினீவாவின் புகழ்பெற்ற வைத்தியர் டிரோன்ஷான் தம் மகனை ஸ்மித்திடம் படிக்க அனுப்பினார். ருஷ்யாவிலிருந்து இரண்டு மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான தெஸ்னித்ஸ்கி பின்னால் மாஸ்கோவில் சட்டப் பேராசிரியரானார். ஐரோப்பாவின் மறு கோடியிலிருந்து பிள்ளைகள் கிளம்பி வந்தது கிளாஸ்கோவின் பேருக்காக அல்ல. அங்கே இருந்த ஒரு மனிதரின் பாடத்துக்காக.

அந்தச் சின்னச் சர்வகலாசாலையில் அந்த ஆண்டுகளில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். வில்லியம் கல்லன் 1747-இல் ரஸாயனப் பாடம் தொடங்கினார். அவர் மாணவர் ஜோஸப் பிளாக், நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைத் தனிப்பொருளாக ஆராய்ந்து காட்டியவர். உறை வெப்பம் என்ற தத்துவத்தைக் கண்டவர். பட்டணத்துத் தொழிற்சங்கத்தார் கடை வைக்கக் கூடாது என்று தடுத்த ஓர் இளைஞனுக்குச் சர்வகலாசாலை தன் மதிலுக்குள்ளேயே ஒரு பட்டறை கொடுத்தது. கருவிகள் செய்யும் அந்த இளைஞன் எந்தச் சர்வகலாசாலையிலும் படித்தவனல்ல. அவன் பெயர் ஜேம்ஸ் வாட். சர்வகலாசாலைக்குச் சொந்தமான பழைய நீராவி யந்திர மாதிரி ஒன்றைப் பழுது பார்க்கக் கொடுத்தபோதுதான் அவன் மூளையில் புதிய யந்திரம் உருவாயிற்று.

1764-இல் ஒரு பிரபுவின் பிள்ளைக்கு ஆசிரியராக ஸ்மித் வெளிநாடு சென்றார். வருஷத்தின் நடுவில் கிளம்பவேண்டியதாயிற்று. கடைசி நாள் வகுப்பில் மாணவர்கள் கொடுத்த கட்டணத்தைத் தனித்தனியே காகிதத்தில் மடித்து எடுத்து வந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பையன்கள் மறுத்தார்கள், தாங்கள் பெற்றதற்கு இது ஈடாகாது என்றார்கள். ஸ்மித் விடவில்லை. முதல் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்து அவன் பையிலே பணத்தைத் திணித்தார். நடத்தாத பாடத்துக்குச் சம்பளம் வாங்குவது அவரால் ஆகாத காரியம். அது எத்தகைய காரியம் என்று அவர் ஆறு வருஷம் கிட்ட இருந்து பார்த்தவர் அல்லவா?

பிறகு 1776 மார்ச்சு மாதம், தேசங்களின் செல்வத்தைப் பற்றிய அவருடைய பெரிய புஸ்தகம் வெளிவந்தது. பொருளாதார சாஸ்திரத்தின் பிதா என்று அவரை உலகம் கொண்டாடுவது அதற்காகத்தான். ஊசி செய்யும் பட்டறையைப் பற்றியும், தானிய வியாபாரத்தைப் பற்றியும், நம் வங்காளத்தை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் கேட்டைப் பற்றியும் எழுதிய அதே புஸ்தகத்தில், கல்விச் சாலைகளைப் பற்றி ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர்களில் பெரும்பாலோர் பல வருஷங்களாகவே பாடம் சொல்லுவதுபோல் பாசாங்கு செய்வதைக்கூட விட்டுவிட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். முப்பது வருஷம் மனத்தில் கிடந்த முள் அது.

ஆனால் அது வெறும் வசையல்ல. ஸ்மித் காரணம் கேட்கிறார். உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் ஒரே கூலி என்றால் மனிதன் எவ்வளவு உழைப்பான்? மாணவன் ஆசிரியரைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காமல், உபகாரச் சம்பளத்தையும் பட்டத்தின் சலுகையையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், ஆசிரியருக்கு நல்ல பாடம் நடத்த என்ன அவசியம்? பேர் தானே ஆள் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. பாடத்தின் தரம் குறைய இதைவிட வேறு வழி வேண்டியதில்லை. பேருக்காக வரும் ஒவ்வொரு மாணவனும் அந்தச் சோம்பலுக்கு ஒரு மானியம் எழுதிக் கொடுக்கிறான் என்பதே இதன் சாரம்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1776-ஆம் வருஷம், ஸ்மித்தின் நூலுக்குச் சில வாரங்கள் முன்பு, அதே பிரசுரகர்த்தர்கள் வெளியிட்ட இன்னொரு புஸ்தகமும் உலகப் புகழ் பெற்றது. ரோம சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியைப் பற்றி எட்வர்டு கிப்பன் எழுதிய சரித்திரத்தின் முதல் பாகம். கிப்பனும் ஆக்ஸ்போர்டுப் பையன்தான். 1752-இல் மாட்லன் கல்லூரியில் பணக்கார மாணவனாகச் சேர்ந்து பதினாலு மாதம் இருந்தவர். தம் வாழ்நாளிலேயே மிக வீணாகக் கழிந்த மாதங்கள் அவைதாம் என்று சுயசரிதையில் எழுதினார். மதம் மாறிவிட்டார் என்று தகப்பனார் கோபித்துக்கொண்டு அவரை ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் என்ற ஊருக்கு, ஒரு பாதிரியார் வீட்டுக்கு அனுப்பினார். தண்டனையாகத்தான் அனுப்பினார். அந்தப் பாதிரியார் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொன்னார். சரித்திராசிரியர் கிப்பன் உருவானது அங்கே. அதே வருஷம் முதல் புஸ்தகம் வெளியிட்ட மூன்றாமவர் ஜெரிமி பெந்தம். பன்னிரண்டு வயதில் ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பப்பட்டு, கசந்துபோய் வந்தவர். ஒரே வருஷத்தில் மூன்று பேர்! தாய்வீட்டைப் பற்றி இப்படி மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் பேசினால், குறை பிள்ளைகளிடமா இருக்கும்?

ஆனாலும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அது சரித்திரமாகாது. ஸ்மித் பேலியல் கல்லூரியில் வாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே ஆக்ஸ்போர்டில், நட்சத்திர ஒளியின் விலகலைக் கண்டுபிடித்த வான சாஸ்திரி ஜேம்ஸ் பிராட்லி ஒழுங்காகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். 1753-இல் பிளாக்ஸ்டன் அங்கே தொடங்கிய சட்டப் பிரசங்கங்கள், இங்கிலீஷ் சட்டத்தைப் படிக்கும் முறையையே மாற்றின. பெரிய பேருள்ள இடத்தில் நல்ல பாடமே இருக்காது என்பதல்ல. பேரைப் பார்த்து, பாடம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் விஷயம்.

இன்னொரு செய்தி. லண்டன் வைத்தியர்களின் ராயல் கல்லூரியில் முழு அங்கத்தினராக வேண்டுமென்றால் ஆக்ஸ்போர்டு அல்லது கேம்பிரிட்ஜ் பட்டம் வேண்டும். ஆனால் உண்மையாக வைத்தியம் கற்க விரும்பியவர்கள் ஹாலந்திலுள்ள லெய்டனுக்கும், 1726-இல் வைத்தியப் பகுதி தொடங்கிய எடின்பரோவுக்கும் போனார்கள். நோயாளியைக் குணப்படுத்தத் தெரிந்தவர்கள் வாசலிலும், பட்டம் உள்ளவர்கள் கூடத்திலும் நின்றார்கள். 1767-இல் வாசலில் நின்றவர்கள் பொறுமை இழந்து கல்லூரிக் கட்டிடத்துக்குள் பலாத்காரமாகவே புகுந்தார்கள்.

அப்போது ஸ்காட்லாந்திலும் ஒரு ஊழல் இருந்தது. சில சர்வகலாசாலைகள் பணம் வாங்கிக்கொண்டு, ஆளைப் பார்க்காமலேயே வைத்தியப் பட்டம் கொடுத்தன. இதைத் தடுக்க, சர்வகலாசாலையில் குறைந்தது இரண்டு வருஷம் படித்த அத்தாட்சி இல்லாதவனுக்குப் பட்டமே கூடாது என்று சட்டம் செய்யலாமா என்று 1774-இல் ஸ்மித்தைக் கேட்டார்கள். கூடாது என்றார் ஸ்மித். தம் பழைய நண்பர் கல்லனுக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொல்கிறார். இன்ன இடத்தில் இருந்தான் என்பதற்கு அத்தாட்சி கொடுத்தால், அவன் கற்றான் என்பதற்கு அது அத்தாட்சியாகாது. பட்டம் ஒருவனுடைய படிப்புக்கு ஏதோ கொஞ்சம் ஜவாப்தாரி ஆகலாம். அவனுடைய விவேகத்துக்கு ஒருகாலும் ஆகாது. இடத்துக்குச் சலுகை கொடுத்தால் அந்த இடத்து ஆசிரியர்கள் தூங்கிப்போவார்கள். தூங்கும் ஆசிரியர்களைக் கண்டவர் சொன்னது இது.

ஸ்மித்தின் வாதத்தில் ஓட்டை இல்லையா? உண்டு. மாணவன் காசை மட்டும் நம்பியிருக்கும் ஆசிரியர், மாணவனுக்குப் பிடித்ததையே பேசி, சுலபமாக்கி, கைதட்டு வாங்கும் அபாயம் இருக்கிறது. கட்டணம் வாங்கினால் கல்வி உயர்ந்துவிடும் என்றால், இன்று நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் கல்லூரிகளெல்லாம் நாலந்தாவாக அல்லவா இருக்கவேண்டும்? பணம் கொடுக்கிறவன் பாடத்துக்காகக் கொடுக்கிறானா, பட்டத்துக்காகக் கொடுக்கிறானா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நமக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டின் கதவுகளும் இங்கிலீஷ் சபையைச் சேராதவர்களுக்கு வெகுகாலம் மூடியே இருந்தன. அதற்கு மாற்றாக, பெந்தமின் கருத்துக்களில் ஊறியவர்களும் ஸ்காட்லாந்தில் படித்தவர்களும் சேர்ந்து 1826-இல் லண்டனில் ஒரு புதிய கல்லூரியை ஸ்தாபித்தார்கள். அதிலிருந்து கிளைத்து, 1836-இல் லண்டன் சர்வகலாசாலை பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் ஸ்தாபனமாக ஏற்பட்டது. 1857-இல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் நம் சென்னையிலும் சர்வகலாசாலைகள் அமைந்தபோது அந்த லண்டன் மாதிரியைத்தான் பின்பற்றினார்கள். எங்கே படித்தாலும் ஒரே பரீட்சை என்பது நல்ல ஏற்பாடாகத்தான் தொடங்கிற்று. ஆனால் பரீட்சை வந்தது, பட்டம் வந்தது, பட்டத்தோடு உத்தியோகம் வந்தது. உலவிக்கொண்டே பேசிய ஹட்சிஸனைக் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியவில்லை.

1787-இல் கிளாஸ்கோ சர்வகலாசாலை ஸ்மித்தைத் தன் கௌரவத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அறுபத்து நாலு வயது. தாயார் போய் மூன்று வருஷமாகியிருந்தது. ஐரோப்பாவின் மந்திரிகள் அவர் புஸ்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில், வாழ்வில் வேறெந்த மரியாதையும் இவ்வளவு சந்தோஷம் தரவில்லை என்றும், அங்கே ஆசிரியராக இருந்த பதின்மூன்று ஆண்டுகளே தம் வாழ்நாளில் மிகவும் பயனுள்ள, ஆனந்தமான காலம் என்றும் எழுதினார். ஆக்ஸ்போர்டுக்கு அப்படி ஒரு கடிதம் அவர் எழுதவில்லை. 1790-இல் காலமானார்.

கதை முடிந்தது. எதிர் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்.

"அப்படியானால் சின்னக் கல்லூரிக்கே அனுப்பிவிடு என்கிறீர்களா?" என்று கேட்டார்.

"நான் அப்படிச் சொல்லவில்லை. ஸ்மித்தும் சொல்லமாட்டார். சின்ன இடம் என்பதாலேயே ஒன்று நல்ல இடமாகிவிடுமா? பேருக்கும் ஒரு விலை உண்டு. உச்சரிப்புக்கே எடின்பரோவில் ஆள் சேர்ந்ததே! ஆனால் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். பாடம் சொல்லப்போகிறவர் யார், அவர் வகுப்புக்கு வருகிறாரா என்பது ஒன்று. யாரும் கேட்காதபோது உங்கள் பிள்ளை தானாக எதைப் படிப்பான் என்பது மற்றொன்று."

"முதல் கேள்விக்கு நாம் எங்கே போய் விசாரிப்பது, ஸார்?"

அதுவரை பேசாதிருந்த பையன், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். சின்னக் கல்லூரி நிலவியல் ஆசிரியருக்கு அவனே எழுதியிருக்கிறான். அவர் தம் கைப்பட இரண்டு பக்கம் பதில் போட்டிருந்தார். முதல் வருஷத்திலேயே பிள்ளைகளை அரியலூர்ப் பக்கம் அழைத்துப் போவது வழக்கம், அங்கே கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலாயிருந்த மண்ணில் கல்லாய்ச் சமைந்த சங்குகளையும் நத்தைகளையும் கண்ணால் பார்க்கலாம், வரும்போது ஒரு நல்ல சுத்தியல் வாங்கிக்கொண்டு வரவும் என்று எழுதியிருந்தது.

"இதை ஏன் என்னிடம் காட்டவில்லை?" என்றார் தகப்பனார்.

"நீங்கள் கேட்கவில்லையே, அப்பா."

அவர் அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு மூன்று கடிதங்களையும் சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசற்படி வரையில் போனவர் திரும்பி நின்றார்.

"நல்ல சுத்தியல் என்றால் என்ன விலை இருக்கும், ஸார்?" என்று கேட்டார்.